பச்சை வேப்பிலை

இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்ததும் பழைய செய்தித்தாளின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது. நீ இருந்திருந்தால் உடனே தும்மியிருப்பாய், அக்கா.

மூன்று மழைக்காலம் அந்தமான் காட்டில் அலைந்து நீ சேகரித்த செடிகள் இதில்தான் இருந்தன. பிரம்பு, காட்டு அத்தி, பலகைபோல் வேர் விட்ட பெருமரங்களின் இலை, காய். ஒவ்வொன்றையும் தாளுக்கு நடுவே அழுத்தி, எங்கே எடுத்தாய், எந்தப் புறா அதன் பழத்தைத் தின்றது, எந்தப் பொந்தில் தவளை கத்தியது என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். உடம்பு முடியாமல் திருத்தணி வீட்டுக்கு வந்தபோது பெட்டியை என்னிடம் கொடுத்து, சீட்டுகளைப் படியெடுத்துவிட்டு உன் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னாய்.

எனக்குத் தினமும் அரக்கோணம் ரயில், அலுவலகம், திரும்ப ரயில். சாயங்காலம் உன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய். “இன்னாடி, இன்னிக்கும் நின்னுகினே வந்தியா? காட்டு அட்டைகூட வயிறு ரொம்பினா வுட்டுடும். உன் ஆபீஸ் வுடாது போல.”

படியெடுக்கும் வேலை தள்ளிக்கொண்டே போனது. அதுவரை பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று, அம்மா பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைப்பதுபோல வேப்பிலை வைத்தேன். அம்மா நாலு நாள் நிழலில் காயவைத்துத்தான் வைப்பாள். நான் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில், பறித்ததை அப்படியே பச்சையாக அடுக்கி மூடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தாள்தோறும் சாம்பல் நிறப் பூஞ்சை.

அன்று மாலையே நீ கேட்டாய். “அனுப்சிட்டியாடி?”

“ஆங்,” என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். பத்து நாளில் போய்விட்டாய்.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையால் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இலைகள் தூளாகின்றன, உன் எழுத்து மட்டும் தேறுகிறது. இன்று தேறிய கடைசிச் சீட்டு: “இலைநுனி வால்போல் நீளம். மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.” அத்தனை மழையிலும் தன்னைக் காத்துக்கொண்ட இலை, வெயில் காயும் திருத்தணியில் என் கையால் கெட்டது.

சீட்டுகளைக் கட்டிவிட்டேன். மேலே ஒரு தாளில், சேகரித்தவர் என்று உன் பெயர்; கெடுத்தவர் என்று என் பெயர், வேப்பிலை வைத்த விவரத்தோடு. நாளை அரக்கோணத்தில், உன் கல்லூரிக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அந்த “ஆங்” மட்டும் என்னிடமே இருக்கும், அதைக் கேட்டதும் உன் முகத்தில் வந்த நிம்மதியோடு.