3A வீட்டில் ஆள் இல்லை

செவ்வாய், இரவு.

பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் சர்வேக்காரப் பெண் இன்று காலையில் வந்து பக்கத்து வீடு 3A-வின் கதவைத் தட்டினாள்.

"இந்த மாடியில சர்வேக்கு கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்தது இந்த ஒரு வீடுதான் அங்கிள். ஆள் இருக்காங்களா?"

"சீனவங்களுக்கு நாலு சாவு நம்பர்னுதானே நாலுக்குப் பதிலா 3A போட்டாங்க? உள்ள பேய்தான் லா இருக்கு," என்றேன் விளையாட்டாக.

அவள் சிரித்துக்கொண்டே 'ஆள் இல்லை' என்று போனில் பதிந்துகொண்டு போனாள். நான் நிஜத்தைச் சொல்வதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது.

மேரு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து 3A-வுக்குள் தூங்கிக்கொண்டிருந்த செல்வி, மதியம் பிள்ளையோடு வந்தாள். ரெண்டு வயசாகியும் அது நடக்கவில்லை.

"தாத்தா, எடை பாக்க வரோம்னு லெட்டர் போட்டாங்களே, யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லம்மா."

பிள்ளை என்னிடம் தாவியது. வாங்கினேன். கையில் கனமே இல்லை.