கொட்டகையில் கிடந்த கொடிக்கட்டுகள்

ஜனவரி 9

தோட்டக்காரருக்கு வணக்கம்.

நலமா? பிரிந்து போன மனைவி இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். ஓர் உதவி. திராட்சையைக் கவாத்து செய்ததும் வெட்டிய கொடிகளைக் குவித்துக் கொளுத்திவிடுவீர்களே, இந்த முறை நாலு கட்டு எனக்கு அனுப்புங்கள். பூஞ்சை நோயை எதிர்க்கும் சத்து அந்தக் குச்சிகளில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் மல்லுக்கட்டுகிறேன். மற்ற தோட்டத்துக் குச்சிகளில் கிடைத்தது சொற்பம். இந்த முறையும் சத்து போதவில்லை என்றால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள்.

மூட்டுவலி எப்படி?

ஆய்வுக்கூடத்துக்காரி

மார்ச் 2

விஞ்ஞானி அம்மாவுக்கு,

நாலு கட்டும் லாரியில் வருகின்றன. குப்பை வேண்டும்போதுதான் என் ஞாபகம் வந்ததா என்று கடுப்பு. அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கொட்டகையில் போட்டுவைத்தேன். வலியை விசாரித்திருந்தாயே, அதில் மனசு இளகிவிட்டது.

வலி இருக்கிறது.

தோட்டக்காரன்

ஏப்ரல் 11

அன்புள்ளவருக்கு,

உங்கள் கோபத்துக்குக் கோயிலே கட்டலாம்! குச்சிகளை அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டிப் பார்த்தால் சத்து பல மடங்கு. "மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்" என்றார் என் உதவியாளர். மறுபடி மறுபடி சோதித்தோம். கோளாறே இல்லை. வெட்டிய பிறகும் குச்சி கொஞ்ச நாள் உயிரோடுதான் இருக்கிறது. சும்மா கிடக்கும்போது அந்தச் சத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நான்தான் அவசரப்பட்டு, வந்ததை வந்ததும் அரைத்திருக்கிறேன். சாற்றைத் தெளித்த இலைகளில் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்கவில்லை.

ஆராய்ச்சி பிழைத்தது. அடுத்த மாதம் விவசாயிகள் கூட்டத்தில் பேசுகிறேன். முடிந்தால் வாருங்கள்.

நன்றியுடன், நான்தான்

மே 20

அன்பானவளுக்கு,

வந்திருந்தேன். கடைசி வரிசை. "இதைத் தெளிச்சா எல்லா நோயும் போயிடுமா?" என்று ஒருவர் மடக்கினாரே, "போகாதுங்க. எதுக்குக் கேக்காதுன்னும் சொல்லிடறேன்" என்று நிதானமாகச் சொன்னாய். எனக்கு மெய்சிலிர்த்தது. இப்படிப்பட்ட ஆளிடமா, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று அடம்பிடித்தேன்!

பக்கத்திலிருந்தவர், "யாருங்க இந்தம்மா? புட்டுப் புட்டு வைக்கிறாங்களே!" என்றார். உரிமை கொண்டாட வாய் வரவில்லை. "தெரிஞ்சவங்க" என்றேன். நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் கிளம்பிவிட்டேன்.

தோட்டக்காரன்

மே 27

என்னங்க,

தெரிஞ்சவங்களா? அந்த மனிதர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "என் பக்கத்துல உக்காந்திருந்தவர் உங்களுக்குத் தெரிஞ்சவராம். நீங்க பேசினப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு" என்றார். "அவர் எங்க வீட்டுக்காரருங்க" என்று சொல்லிவிட்டேன்.

சோதனைக்கு உங்கள் தோட்டத்தில் இரண்டு வரிசை வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். பஸ் நிலையத்தில் நின்று அழுதுகொண்டிருக்காதீர்கள். இந்த முறை எல்லாப் பெட்டிகளும் வருகின்றன, தூக்க ஆள் வேண்டும்.

உங்களவள்