தங்க அறைக்கு வெளியே வெடி மாமா

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் அவள் தம்பி வெடி மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "சித்தப்பா, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். எட்டாவது படித்தவனுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிக்காதே, அந்த எட்டாவதில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரே தன்னுடைய லீவு லெட்டரை என்னிடம் கொடுத்துத்தான் எழுத வைத்தார்.

விஷயம், ஃபோனில் இருக்கிற எங்கள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் குழுவுக்கு உங்கள் ஆபீஸ் செய்து கொடுத்த அந்த நட்சத்திர ஏற்பாடுதான். ஆரம்பத்தில் அது நல்லதாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதற்கு முன்னால் அந்தக் குழுவில் கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது என்று ஒருத்தன் கேட்டால் பதிலுக்கு அவன் அம்மா அப்பாவெல்லாம் வந்துவிடுவார்கள். மரியாதையாகப் பேசினால் நட்சத்திரம் என்று நீங்கள் வைத்ததும் ஏழாயிரம் பேரும் ஒரே வாரத்தில் வாயைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தங்க நட்சத்திரமே கிடைத்தது. கடல் தாண்டி இருக்கிற ஒரு மெக்கானிக் என் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் படிப்பேன் என்று எழுதினான், எழுதாவிட்டாலும் அந்த அர்த்தத்தில்தான் எழுதினான். உண்மையைச் சொன்னால், கடையில் பற்றவைக்கிற வேலையெல்லாம் வெடி மாமா பார்ப்பான், நான் கல்லாவில் உட்கார்ந்து "வணக்கம் சகோதரரே, அருமையான கேள்வி" என்று தட்டிக்கொண்டிருப்பேன். வேலை செய்கிறவனுக்குத் தட்ட நேரம் ஏது? தட்டுகிறவனுக்குத்தான் நட்சத்திரம்.

அப்புறம்தான் தங்க அறை என்று ஒன்று திறந்தீர்கள். எங்கள் பதில்கள் மேலே நிற்குமாம், தங்க நட்சத்திரம் இல்லாதவன் எழுதினால் எங்களில் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே வருமாம், இல்லையென்றால் வரிசையில் கிடக்குமாம். உள்ளே வந்து பார்த்தால் நாற்பது பேர், ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிச் சொல்லியே புள்ளி ஏற்றிக்கொள்கிறோம். நான் காலையில் அவருக்கு நன்றி, அவர் சாயங்காலம் எனக்கு நன்றி. எந்த ஃப்ரிட்ஜும் குளிரவில்லை. வாரத்துக்கு மூன்று புகாராவது தட்டவில்லை என்றால் தங்கம் வெள்ளியாகிவிடும் என்று ஒரு விதி வேறு, இது யார் மூளையில் உதித்தது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புது ஆள், கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன், குழாயில் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருக்கிறது, அப்படியே நெருப்பு வைத்து ஒட்டலாமா என்று கேட்டான். புது மாடல் ஃப்ரிட்ஜில் இருப்பது அடுப்பில் எரிகிற மாதிரி கேஸ், உனக்குத் தெரியும். தங்க அறை ஆள் ஒருவர் "கவனத்துடன் செய்யுங்கள் சகோதரரே, வெற்றி நமதே" என்று எழுதினார். வெடி மாமாவின் நல்ல நேரம், யாரோ பார்க்காமலே அனுமதித்துவிட்டதால் அவன் பதிலும் கீழே வந்துவிட்டது. "மூளையைக் கழட்டி ஃப்ரீஸர்ல வச்சிட்டியாடா? நெருப்ப வச்சா மூஞ்சி மிஞ்சாது. ஜன்னலைத் திற, கேஸை முழுசா வெளியேத்து, அதுவரைக்கும் தீக்குச்சியைத் தொடாத, தொட்டா உன் பொண்டாட்டி பிள்ளைக்கு நீதான் பதில் சொல்லணும்." இவ்வளவுதான். பத்தே நிமிஷத்தில் அநாகரிகம் என்று புகார் போய் அந்தப் பதில் மறைந்துவிட்டது. மறுநாள் அந்த ஆள் முழங்கை வரை கட்டுப் போட்ட படத்தைப் போட்டான். புருவம் இல்லை. தங்க அறையில் என்ன பேசினார்கள் தெரியுமா, இப்படிப்பட்ட படம் போடுவது மரியாதையா இல்லையா என்று.

அந்தப் புகாரைத் தட்டியது நான்தான் மகளே. அந்த வாரம் இரண்டுதான் ஆகியிருந்தது, ஞாயிறு கடைசி நாள், கண் முன்னால் அது இருந்தது, நம்ம ஆள்தானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காரணமும் ஒரு வரி எழுதித் தட்டிவிட்டேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை மாமா படத்தைப் பார்த்தான், ஃபோனை டூல்ஸ் பையில் போட்டான், ஒண்ணாம் தேதியிலிருந்து பெரிய தெரு ஷோரூமில் வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். இருபத்தாறு வருஷம் ஒரே கடை! சித்திக்குத் தம்பி போகிற காரணம் பாதிதான் தெரியும், அதற்கே எனக்குத் தண்ணீர் கொடுக்கும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்கிறாள்.

சரி, சமாதானம் செய்யலாம் என்று அவன் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் என் பெயரில் போட்டேன். என்னையும் அநாகரிகம் என்று தூக்குவார்கள், அதைக் காட்டி அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று கணக்கு. அரை மணியில் இருநூற்றுப் பன்னிரண்டு இதயம்! "உரிமையோடு கண்டிக்கும் மூத்தவர்" என்று ஒருத்தர் உருகியிருந்தார். மாமாவிடம் நீட்டினேன், படித்துவிட்டு, "நான் சொன்னா திமிரு, நீங்க சொன்னா அனுபவமா அத்தான்?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனான்.

நல்லவர்களுக்குப் பரிசு கொடுத்தால் மற்றவர்களும் பார்த்துத் திருந்துவார்கள் என்று அன்றைக்கு எனக்கே பாடம் எடுத்தாயே. பரிசு கொடு, யார் வேண்டாம் என்றார்கள்? பரிசு வாங்கினவன் கையில் கதவுச் சாவியையும் சேர்த்து ஏன் கொடுக்கிறீர்கள்? நல்லபடி பேசுகிறவனும் நல்லது தெரிந்தவனும் ஒரே ஆள் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நட்சத்திரத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமே என்பாய். இரண்டு தடவை விரல் போனது. கொடுத்துவிட்டால் நானும் வரிசையில் நிற்க வேண்டுமே என்று விரலே திரும்பிவிட்டது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது, இன்று சனி. நேற்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் மாமாவிடம் சொல்லிவிட்டேன். நிமிரக்கூட இல்லை, "தெரியும் அத்தான். சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்லைன்னு புகார்ல காரணம் எழுதியிருந்துச்சு. கஸ்டமர் முன்னாடி என்னைப் பாத்து அதே வார்த்தையைச் சொல்ற ஆள் ஊர்ல நீங்க ஒருத்தர்தான். வாயைத் திறக்கிறீங்களான்னுதான் அஞ்சு நாளா பாத்தேன்" என்றான். பிறகு வரிசையில் எத்தனை கிடக்கிறது என்று கேட்டான். நூற்று நாற்பது. "உக்காருங்க, திறங்க" என்றான். அவன் ஒவ்வொன்றையும் கேட்டு "இவன் சொல்றது சரி, விடுங்க. இவன் கழுதை, ஆனா கேள்வி நல்ல கேள்வி, விடுங்க" என்று சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே போனேன். அறுபத்து மூன்றாவதில் என் தங்கம் போய்விட்டது, தரமில்லாதவற்றை அனுமதித்தேனாம். மாமா ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுஷன் மூஞ்சி மாதிரி இருக்கு" என்றான். ஆனால் ஒண்ணாம் தேதி போவது போவதுதானாம், வாக்கு வாக்குதானாம். சித்தியிடமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட்டேன், அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதத் தாள் போதாது.

கை சுட்டுக்கொண்ட அந்த ஆளுக்கு, உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பதிலை மறைத்தது நான்தான், மன்னித்துக்கொள் என்று காலையில் எழுதிப் போட்டேன். அது வரிசையில் கிடக்கிறது. நீ அங்கே பெரிய இடத்தில் இருக்கிறாய், உள்ளே புகுந்து அதை மட்டும் தட்டிவிட்டால் போதும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். எழுத எழுத வெட்கமாகிவிட்டது. எல்லோருடையதையும் திறப்பதாக இருந்தால் திற மகளே. என்னுடையதை மட்டும் என்றால் வேண்டாம், அவன் ஆஸ்பத்திரி விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், நேரிலேயே போகிறேன்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் பேச்சை நாலு பேர் நின்று கேட்க வேண்டும். புதுக் கண்ணாடி மாற்றச் சொன்னேனே, இந்த வாரமே மாற்று. வெடி மாமாவுக்குத் தனியாக ஒரு ஃபோன் போடு, ஒண்ணாம் தேதிக்கு முன்னால்.

என்றும் உன் நன்மையை நினைக்கிற,
சித்தப்பா