சாமித்தம்பி மாமாவுக்குத் துணைபோன தேங்காய்

மட்டக்களப்பு
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் கஜானிக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமா என்று அம்மா கண்ணகை அம்மனிடமும் நான் தொலைபேசியில் உன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியிடமும் ஒவ்வொரு நாளும் கேட்டறிகிறோம். இரண்டு இடத்திலும் நல்ல பதில்தான் வருகிறது, ஆனாலும் அம்மா நம்புவதாயில்லை. மாமாவின் சாவோடு இங்கே நடந்தவை எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவார், அதனால் எழுதுகிறேன்.

சாமித்தம்பி மாமா போன மாதம் ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். மாரியில் வாவித் தண்ணீர் ஊறுகிற மண்ணுக்குள் என்னைப் போடாதீங்க, எரிச்சிடுங்க என்று உயிரோடிருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். நம் பிரதேச சபையும் விறகுத் தகனசாலையை எரிவாயுவுக்கு மாற்றித் திறந்து அதிக காலமில்லை. அதன் பராமரிப்புக் குழுவில் நான் பொதுமக்கள் பிரதிநிதி. பொதுமக்கள் யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை, சபைத் தவிசாளர் பள்ளியில் என்னிடம் சரித்திரம் படித்தவர், அவ்வளவுதான். அந்தத் தகனசாலையில் காணி கோயிலுடையது, கட்டடம் அமைச்சு தந்தது, இயந்திரம் சுவிஸில் இருக்கும் நம் ஊர்ச் சங்கம் வாங்கிக் கொடுத்தது, புகைக்குழாய் ஒரு தொண்டு நிறுவனத்துடையது, எரிவாயுவும் மின்சாரமும் சபையின் தலையில். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர்ப்பலகை இருக்கிறது, இறந்தவரின் பெயரை எழுதத்தான் இடமில்லை. குடும்பங்கள் கட்டும் கட்டணம் எரிவாயுவுக்கே போதாது, மிச்சத்தைச் சபை சந்தைக் கடைகளின் வாடகையிலிருந்து எடுக்கிறது. ஆகவே சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற எவரும் தமக்குத் தெரியாமலே யாரோ ஒருவரின் தகனத்துக்கு உதவுகிறார்.

குழு போட்ட விதிகளில் ஒன்று, பெட்டிக்குள் தேங்காய் வைக்கக்கூடாது என்பது. மூடிய அறையில் சூடேறினால் தேங்காய் வெடிக்கும், சுற்றிக் கட்டியிருக்கும் சூட்டுக்கல் பிளந்துவிடும். விதியை எழுதியவன் நான், அது எழுத்துப்பிழையில்லாமல் வாசலில் தொங்குகிறது. ஆனால் சனிப்பிணம் தனிப்போகாது, துணைக்கு ஆள் கூப்பிடும், ஆளுக்குப் பதிலாக ஒரு தேங்காயாவது கூட அனுப்பவேண்டும் என்பது அதைவிடப் பழைய விதி. நான் அதை நம்புகிறவனில்லை. எனினும் மாமாவை நினைத்துப் பார். அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போகவும் அவருக்கு ஆள் வேண்டும், தலைமயிர் வெட்டவும் ஆள் வேண்டும். வாங்க மச்சான், ஒரு எட்டுப் போயிட்டு வருவம் என்று வாசல் படலையில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நிற்பார். புளியந்தீவில் பல் பிடுங்கப் போனபோதுகூட என்னையும் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அப்படிப்பட்ட அண்ணன் இந்தப் பயணத்தை மட்டும் தனியே போவார் என்று தங்கையான அம்மாவை நம்பவைக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. செல்ல மருமகள் நீ, அதுவும் வயிற்றோடு இருக்கிறாய், உன்னைத்தான் கூப்பிடுவார் என்று அம்மாவுக்குப் பயம்.

பெட்டி உள்ளே போய்க் கதவு மூடிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சத்தம். கதவு அதிர்ந்து சுவாலை நின்றுவிட்டது. வெளியே மேளம் அடித்தவர்கள் யாரோ வெடி கொளுத்தியதாக நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள். இயந்திரத்தை இயக்கும் மதுஷன் ஓடிவந்து, மாஸ்டர் உள்ளுக்கு என்னத்த வச்சிங்க என்று கேட்டார். பெட்டி மூடுமுன் கால்மாட்டுத் துணியைச் சரிசெய்ய அம்மா எடுத்துக்கொண்ட நேரம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒருவாறு மீண்டும் மூட்டி மாமாவின் காரியம் முடிந்தது, ஆனால் அடுத்த நாள் பார்த்தால் கல் பிளந்திருந்தது, தகனசாலையைப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு கல் யாருடையது என்ற கேள்வி வந்தது. கல் இயந்திரத்தின் பகுதி என்றது சபை. கல் சுவர், ஆகவே கட்டடம், உத்தரவாதத்தில் தேங்காய் சேராது என்றது சுவிஸ் சங்கம். கல் கொண்டுவந்து கொடுக்கும் காத்தான்குடி மர்சூக்கிடம் கேட்டேன். மாஸ்டர், எங்கட ஆக்களுக்கு மண்ணோட வேலை முடிஞ்சிரும், குழுவும் இல்ல, கூட்டமும் இல்ல, நீங்க முதல்ல கல்லு ஆர்ர எண்டு முடிவெடுங்க, மறுகா நான் ஏத்தி அனுப்புறன் என்று சிரித்தார்.

தேங்காய் வைத்தது யார் என்று விசாரிக்கச் சபை என்னையே நியமித்தது. விதியை எழுதியவர், இறந்தவரையும் தெரிந்தவர் என்பது காரணம். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கூட்டத்தன்று அவர் நல்ல சேலை உடுத்து எனக்கு முன்னரே சபை மண்டபத்தில் வந்து இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் எழுந்து, நான்தான் வச்சன், என்ர புள்ள வெளியூரில வயித்தோட இரிக்கிறா, அவவுக்கு ஒண்டெண்டா உங்கட மிசினா பதில் சொல்லும் என்றார். அங்கிருந்த எல்லோருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருவரும் பேனையை எடுக்கவில்லை. அம்மா அதோடு விட்டாரா, அது துணைக்குப் போனதா இல்லையா எண்டு சொல்லுங்க என்று கேட்டார். தேங்காய்த் தண்ணீர் ஆவியாகிப் புகைக்குழாயால் போயிருக்கும் என்றார் மதுஷன். அப்படியானால் மாமாவுக்கு முன்னரே போய்விட்டது, முன்னுக்குப் போவது துணையாகுமா என்று ஒருவர் கேட்டார். போய் வழியில் காத்து நிற்கலாமே என்றார் தவிசாளர். கடைசியில் கதவுக்கு வெளியே தேங்காய் வைக்க ஒரு மேடை கட்டுவதென்றும், வெளியே வைத்தால் செல்லுமா என்று மேலிடத்தில் விளக்கம் கேட்பதென்றும் தீர்மானம் நிறைவேறியது. மேடைக்குப் பெயர்ப்பலகை தர இப்போதே இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். உடைந்த கல்லை இயற்கை அனர்த்தம் என்று பதிந்தார்கள். தேங்காய் இயற்கைதான், நான் மறுக்கவில்லை.

திரும்பும் வழியிலும் அம்மாவின் முகம் தெளியவில்லை. ஆறுதலாக ஒன்று சொல்வோம் என்று நினைத்து, கொண்ணருக்கு மகள் இருக்கிற அவுஸ்திரேலியாவுக்கு வழி தெரியாது, கூப்பிடுவதென்றால் காலமெல்லாம் கூப்பிட்ட என்னைத்தானே கூப்பிடுவார் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்ன நியாயம் முழுக்க அவருக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது. அன்றிலிருந்து உன்னைப் பற்றிய பயம் குறைந்திருக்கிறது. ஆனால் என்னால் படலையைத் தாண்ட முடியவில்லை. குழுக் கூட்டத்துக்கும் போகக்கூடாதாம். தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார், மணி நின்ற பிறகும் விடுவதில்லை. இத்தனை வருடத்தில் அவர் என் கையைப் பிடித்து நான் கண்டதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டுமா, இப்படியே விடலாமா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

ஆகவே மகள், அம்மாவுடன் நீ பேசும்போது என்னைப் பற்றி இரண்டு வார்த்தை தைரியம் சொல்லு. ஒரேயடியாகத் தைரியம் சொல்லிவிடாதே. இரும்புச்சத்துக் குளிசையைத் தவறவிடாதே, பாரம் தூக்காதே, மருமகனைச் சமைக்கச் சொல்லு. கண்ணகை அம்மன் உங்கள் மூவருக்கும் காவலாக இருக்கட்டும் என்பது அம்மாவின் ஆசி, அதில் நானும் கையொப்பமிடுகிறேன்.

அன்புள்ள,
அப்பா