கையெழுத்து வைக்காத துவக்குப் படிவம்

இன்று காலை எங்கள் காவல் கம்பனி மேலாளர் மேசையில் ஒரு துவக்கைக் கிடத்தி, அதன் குழலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணெய் வாசம் அறை முழுதும் நின்றது. பக்கத்தில் ஆயுதக் காவலர் உரிமத்துக்கான படிவம், என் பெயரோடு.

"கையெழுத்த வைங்க. மற்றதெல்லாம் நாங்க பாக்கிறம்" என்றார். நான் பேனையை எடுக்காததைக் கண்டு, "இது அண்டைக்கு உங்கட கையில இருந்திருந்தா அந்த மனுசன் செத்திருக்க மாட்டான்" என்றார்.

அந்த மனுசன் நீ.

நகைக்கடை வாசலில் ஆறு வருடம் ஒன்றாக நின்றோம். நீ செட்டிபாளையத்திலிருந்து வருவாய், நான் பெரியகல்லாற்றிலிருந்து. துவக்குப் பயிற்சிக்கு முதன்முதல் ஆள் கேட்டபோது நீ மாட்டேன் என்றாய். "துவக்கோட நிண்டா சிரிக்க ஏலா மச்சான். சிரிக்காம நான் எப்பிடி வாசல்ல நிக்கிற?" வருகிற சனத்தையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நீ.

அந்த மதியம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு பேர் படியேறினார்கள். "தம்பி, ஹெல்மெட்டக் கழட்டிட்டு..." நீ சொல்லி முடிக்கவில்லை. முன்னால் வந்தவன் சட்டைக்குள்ளிருந்து வாளை உருவி உன் தோளில் வெட்டினான். மற்றவன் சுத்தியலால் கண்ணாடிப் பெட்டியை உடைத்தான். நீ விழவில்லை. அடுத்த வெட்டை வெறுங்கையால் பிடித்தாய். அவன் வாளை இழுத்தபோது உன் விரல் இரண்டு தரையில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்போதும் அவன் சட்டையை நீ விடவில்லை. மூன்றாவது வெட்டு உன் தொடையில் ஆழமாக இறங்கியது, நீ சாய்ந்தாய்.

நான் கையிலிருந்த பொல்லுத்தடியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. வாள் விழுந்தது. கூட வந்தவன் பையோடு ஓடிவிட்டான். இவன் உன் இரத்தத்தில் வழுக்கி விழுந்தான், ஹெல்மெட் கழன்று உருண்டது. முறியாத கையைத் தூக்கி, "அண்ணன், விட்டிருங்க" என்றான். நான் அவன் நெஞ்சில் ஏறியிருந்து முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது, பல் தெறித்தது. அவன் முகம் முகமாக இல்லாமல் போன பிறகும் அடித்தேன். கடை முதலாளிதான் பின்னாலிருந்து என்னை இழுத்தார்.

ஆஸ்பத்திரி போகிற வழியில், கல்லடிப் பாலத்துக்கு முன்னமே, ஆட்டோவில், என் மடியில் நீ அடங்கிப்போனாய்.

உன்னை வெட்டினவன் பிழைத்துவிட்டான். நீதிமன்றத்தில் கண்டேன். வலது கண் இருந்த இடம் மூடிக்கிடந்தது.

படிவத்தோடு நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"எடுங்க அண்ணன்" என்றாள். "வாளோட வாறவனுக்கு முன்னால பொல்லோடயா நிக்கிற? இன்னொரு வீட்டிலயும் அழணுமா?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று கிடந்தது. ஒரு வருடமாகச் சொல்லாதது.

"தங்கச்சி, கடைசியா அவன் உன்ட பேரச் சொன்னானெண்டு சொன்னன். அது பொய்."

அவள் கை நின்றது.

"நான் அந்தக் கள்ளனப் போட்டு அடிச்சிக்கொண்டிருக்கக்க, உன்ட மனுசன் கீழ கிடந்து சொன்னான், 'காணும்டா, நிப்பாட்டு, அவன் விழுந்திட்டான். என்னத் தூக்கு' எண்டு. ரெண்டு தரம் சொன்னான். எனக்குக் கேட்டது. கேட்டுத்தான் அடிச்சன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியா."

அவள் மீன்சட்டியை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, "அந்தப் படிவத்தத் திருப்பிக் குடுத்திருங்க. உங்கட கைக்குத் துவக்கு வேணாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கிழமை தொடக்கம் கொக்கட்டிச்சோலையில் ஒரு நெல் ஆலை வாசலில் நிற்கப்போகிறேன். அங்கே துவக்கும் இல்லை, பெரிதாகக் காக்க வேண்டியதும் இல்லை.

நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது மச்சான். அதைத்தான் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.