கேட்காமல் வந்த பம்பு

செவ்வாய், இரவு. திருப்பதி.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

புத்தலப்பட்டு மாம்பழக் கூழ் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பைகள் சென்னைத் துறைமுகத்தில் நிற்கின்றன. கூழை அடைக்க அந்தப் பைகள் இல்லாமல் ஆலை ஓடாது. சுங்கத்தில் விவரம் காட்டி சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் விற்றவரிடமிருந்து மெயில் வந்தது. கன்டெய்னருக்குள் ஒரு பம்பையும் இலவசமாக வைத்திருக்கிறாராம்.

இலவசமானாலும் சொல்லியாக வேண்டும். சொன்னால் திறந்து பார்ப்பார்கள், ஒரு நாள் போகும். ஆலை முதலாளிக்குப் போன் செய்தேன்.

"யாரு கேக்கப் போறாங்க? சும்மா வுடு" என்றார்.

"மாட்டினா மொத்த சரக்கும் நின்னுடும்ணா. என் லைசென்ஸும் பூடும்."

"நீ எங்க ஆளா, அவங்க ஆளா?" என்று கத்தியவர், வாசலில் டிராக்டரோடு காத்திருந்த விவசாயி ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

"சார், காயி பழுத்துக்கினு கீது. பை எப்ப சார் வரும்?"

அவரிடம் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வந்துடும்" என்றேன்.

"சரி சார். வண்டிய நெழலுக்குத் தள்ளிக்கிறோம்."

பம்பையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்துவிட்டார்கள். காலையில் லாரி கிளம்பும். செய்தது சரிதான், அதில் சந்தேகமில்லை. முதலாளியின் கோபமும் எனக்கு உறைக்கவில்லை. ஆனால் அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.