இருபத்தைந்து என்றால் இருபத்தாறு

காஞ்சிபுரம்
2 ஜூன் 2025

அன்புள்ள ரேவதிக்கு,

சங்கரி எழுதுவது. நலமா என்று கேட்கமாட்டேன். ஹைதராபாத் பிரியாணியில் கன்னம் உப்பியிருப்பதைப் போட்டோவிலேயே பார்த்துவிட்டேன்.

நம் கம்பெனியை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பட்டுக்கடை மாடியில் ஒன்பது பேர் ஒரே ஃபேனுக்கு அடித்துக்கொண்டோமே, இப்போது எழுபது பேர், மூன்று மாடி, கழுத்தில் அட்டை. போன வாரம் அட்டையை மறந்துவிட்டு வந்த சபாபதி அண்ணனையே புது வாட்ச்மேன் நிறுத்தி, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டிருக்கிறார். கம்பெனியே அவருடையது, பாவம். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

என்னை டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். ஆனதிலிருந்து ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. காலையில் நின்றுகொண்டு ஒரு மீட்டிங், அதைப் பற்றிப் பேச உட்கார்ந்துகொண்டு இன்னொரு மீட்டிங். பெங்களூரிலிருந்து தனசேகரன் என்று ஒரு மேனேஜர் இன்றைக்குத்தான் சேர்ந்தார். நல்ல மனிதராகத் தெரிகிறார். எல்லாரும் 'தனா' என்று கூப்பிடவேண்டுமாம். நம் ஆட்களுக்கு வாய் வருமா? 'தனா சார்' என்கிறோம்.

நீ இங்கிருந்து போய்ச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கான பில் மென்பொருள் முடிந்த மாதிரிதான். என்றைக்கு ஓடவிடலாம் என்று நீயே சொல்.

உன்
சங்கரி


ஹைதராபாத்
9 ஜூன் 2025

அடி சங்கரி,

கன்னத்தைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் இருக்கிறது உனக்கு.

ஜூன் 25 என்று வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நான்கு ஆஸ்பத்திரிகளிலும் பழையதை நிறுத்திவிட்டு உங்களுடையதை ஓடவிடுகிறோம். உங்கள் தனா சாருக்கும் எழுதிவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். பெரிய கம்பெனிகளை எல்லாம் விட்டுவிட்டு உங்களை எடுத்தது என் வார்த்தைக்காக. என் மேலதிகாரி மேரி மேடம், நாகர்கோவில்காரர், "சின்னக் கம்பெனி, கவுத்துராத ரேவதி" என்றார். நான் சும்மா இருக்கக் கூடாதா? "கல்யாணச் சேலைய நாள் தவறாம நெய்து குடுக்கிற ஊரு மேடம்" என்று வீரம் பேசிவிட்டேன். இது நன்றாக நடந்தால் இன்னும் ஆறு ஆஸ்பத்திரி உங்களுக்கு. நடக்காவிட்டால் இங்கே என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். என் மானம் உன் கையில்.

ஒரு பாக்கெட் கோவில் இட்லிப் பொடியாவது அனுப்பக் கூடாதா?

அன்புடன்
ரேவதி


ஹைதராபாத்
25 ஜூன் 2025

சங்கரி அவர்களுக்கு,

காலை ஒன்பது மணிக்கு உங்கள் பக்கம் தனசேகரனும் புதிதாகச் சேர்ந்தவர்களும் மட்டும் இருந்தார்கள். பத்து மணிக்கு பில் நின்றுவிட்டது. கவுன்ட்டரில் வரிசை வாசல்வரை. எல்லாவற்றையும் கையால் எழுதினோம். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விக்னேஷ் என்கிற பிள்ளை, "சீனியர்ஸ் யாருமே வரலை மேடம், ஏன்னு தெரியலை" என்று அழாத குறையாகச் சொன்னான்.

மேரி மேடம் என்னைத் திட்டவில்லை. எழுந்துபோய்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து தானே பில் எழுதினார். திட்டியிருக்கலாம்.

மூன்று மணிக்கு நீங்கள் எல்லாரும் லைனில் வந்து சரிசெய்துவிட்டீர்கள், தெரியும். காரணம் எதுவும் வேண்டாம். இனி வேலை விஷயம் என்றால் தனசேகரனே எழுதட்டும்.

ரேவதி


காஞ்சிபுரம்
28 ஜூன் 2025

ரேவதி,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னை 'ஏய்' என்று கூப்பிட்டவள். படித்ததும் அழுதுவிட்டேன். காரணம் வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

இருபத்தைந்து அமாவாசை.

அமாவாசைக்குப் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. சபாபதி அண்ணனும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, அதனால் கம்பெனிக்கும் அன்று லீவு. அதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஒன்பது பேரும் இரண்டு தெருவுக்குள் இருந்தோம், யாருக்காக எழுதுவது? ஏதாவது தேதி அமாவாசையில் விழுந்தால் மறுநாள் என்று நாமே எடுத்துக்கொள்வோம். நீ 25 என்று எழுதியதும் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை. சரி, 26-ஐத்தான் சொல்கிறாள், நம்ம தெருப் பெண்ணாச்சே என்று இருந்துவிட்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். தனா சார் மீட்டிங்கில் இருபத்தைந்து என்றபோதும், உன் தேதியைத்தான் சொல்கிறார், அதாவது இருபத்தாறு என்றே பழைய ஆட்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்குச் சபாபதி அண்ணன் உட்படப் பழைய ஆட்கள் எட்டு பேரும் வேன் பிடித்து மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மன் பாட்டுச் சத்தத்தில் பைக்குள் இருந்த போன் யாருக்கும் கேட்கவில்லை. விக்னேஷ் எங்கள் வீட்டுக்கே ஓடி, அம்மாவிடம் டிரைவர் நம்பர் வாங்கிப் பேசினான். சேத்துப்பட்டில் வண்டியைத் திருப்பினோம். அம்மனைப் பார்க்கவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் எல்லாரையும் கூட்டினார் அண்ணன். அப்போதுதான் தெரிந்தது, புதியவர்கள் இத்தனை நாளும் அமாவாசையன்றும் வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நாங்கள் சொந்த வேலையாக லீவு போடுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். தனா சார் எழுந்து, "எனக்கு ஏம்பா யாரும் சொல்லலை? தெரிஞ்சிருந்தா நானும் வீட்ல தூங்கியிருப்பேனே" என்றார். மாடியே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒம்போது பேர்னே நெனச்சிக்கினு இருந்துட்டேம்பா" என்றார். இப்போது எழுபது பேருக்கும் அமாவாசை லீவு. போர்டில் எழுதி ஒட்டியாகிவிட்டது. அன்றைக்கு முறைபோட்டு நாலு பேர் இருப்போம்.

என்னைத் திட்டு. ஆனால் 'ஏய்' என்று கூப்பிட்டுத் திட்டு.

சங்கரி


ஹைதராபாத்
5 ஜூலை 2025

ஏய் சங்கரி,

அமாவாசை என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேதி வைத்ததே நான். இங்கே என் மேசையில் இருப்பது மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர், அதில் அமாவாசை கிடையாது. நானும் தேடவில்லை. ஊரைவிட்டு வந்து இரண்டே வருஷம்டி, அதற்குள் மறந்துபோனேன். நீ என்னை நம்ம தெருப் பெண் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாய். உன்மேல் இருந்த கோபம் போய், என்மேல் வந்துவிட்டது.

மேரி மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான். "எங்கப்பா ஞாயித்துக்கெழம கடலுக்குப் போகமாட்டாரு. நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். "அப்ப அவங்கமேல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆறு ஆஸ்பத்திரிகளின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியை மட்டும் நீ சொல்லவேண்டுமாம்.

எந்த நாள் வேண்டுமானாலும் வை. ஜூலை 24 மட்டும் வேண்டாம், ஆடி அமாவாசை. எனக்கு அன்று லீவு, 22-ம் தேதி ராத்திரி பஸ் ஏறுகிறேன். பாதியில் விட்டுவிட்டு வந்த அம்மனைப் பார்க்கவேண்டாமா? வேனில் ஜன்னல் ஓரம் எனக்கு. டிரைவரிடம் சொல்லிப் பாட்டைக் கொஞ்சம் குறைவாக வைக்கச் சொல்.

உன்
ரேவதி